கடைசி பஸ் போகும்வரை

நான் முதன்முதலாக டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நேரில் பார்த்தது மொத்தம் இருபது விநாடி.

2020 செப்டம்பர் 12, லியோன் நகரம். வேலைக்காக அந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வழக்கமாக ஜூலையில் நடக்கும் பந்தயம் கொரோனாவால் ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போய், அதன் பதினான்காவது நாள் ஓட்டம் எங்கள் ஊரில் முடிந்தது. நடக்கிற தூரம்தானே என்று மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கிளம்பி, ஊருக்குள் நுழையும் நேரான சாலை ஒன்றில் இடம் பிடித்தேன். மூன்று மணி நேரம் நின்றேன். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. போலீஸ் பைக்குகள் போயின. அப்புறம் முகத்தில் ஒரு காற்று அடித்தது, பல வண்ணத்தில் ஏதோ கடந்து போனது, அவ்வளவுதான். பந்தயத்தில் முன்னிலையில் இருக்கிற மஞ்சள் சட்டைக்காரர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. அன்று ஜெயித்தவர் டென்மார்க்கின் சோரன் கிராக் ஆண்டர்சன் என்பதை வீட்டுக்கு வந்து டிவியில்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "இருவது செகண்டுக்கா மூணு மணி நேரம் நின்னே? நம்ம நெல்லையப்பர் தேராவது நின்னு நிதானமா வரும்லா" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

தப்பு என்னுடையது. தட்டையான சாலையில் நூற்றைம்பது பேர் ஒரே கொத்தாக, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வருவார்கள். அங்கே போய் நின்றால் காற்றுதான் கிடைக்கும். இதைப் புரிந்துகொண்டு, சரியான இடத்தில் போய் நிற்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. 2022 ஜூலையில் ஆல்ப் துவேஸ் மலையில் நின்றேன். அந்த முறை செய்ததில் எது சரி, எது சொதப்பல் என்பதைச் சொல்கிறேன். போக நினைக்கிறவர்களுக்கு உதவலாம்.

முதலில், வீட்டில் உட்கார்ந்து பின்தொடரத் தெரிய வேண்டும். அது தெரியாமல் நேரில் போனால் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நிற்போம். 2022 டூர் ஜூலை 1 அன்று கோபன்ஹேகனில் தொடங்கி 24 அன்று பாரிஸில் முடிந்தது. 21 நாள் ஓட்டம், இடையில் மூன்று நாள் ஓய்வு. 22 அணிகள், அணிக்கு எட்டுப் பேர், ஆக 176 பேர். தினமும் ஒவ்வொருவரும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. ஒரு நாள் ஓட்டத்தைக்கூட ஜெயிக்காமல் முழுப் பந்தயத்தையும் ஜெயித்தவர்கள் உண்டு. 1990-ல் கிரெக் லெமாண்ட், 2017-ல் கிறிஸ் ஃபுரூம். டெஸ்ட் மேட்ச் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை கைவரும். டி20 ஆட்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

எனக்கு இதைப் பழக்கிவிட்டவர் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த பிரெத்தோன் மனிதர். பிரெத்தாஞ் பகுதிக்காரர்களுக்கு சைக்கிள் பந்தயம் என்றால் சாமி. 2022 டூர் தொடங்குவதற்கு முந்தைய நாள் அவர் சொன்னார்: "மஞ்சள் சட்டையை உலகமே பார்த்துக்கொள்ளும். நீ பட்டியலின் அடியிலிருந்து ஒருவனைப் பிடித்துக்கொள். தினமும் அவன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் பார். மூன்று வாரத்தில் பந்தயம் தானாகப் புரிந்துவிடும்." இதுவரை எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதற்கு மேல் ஒன்றில்லை.

நான் பிடித்துக்கொண்டது ஃபாபியோ யாகோப்சனை. நெதர்லாந்துக்காரர், ஸ்பிரின்டர். அதாவது கடைசி 200 மீட்டரில் பாய்கிற ஆள். 2020 ஆகஸ்ட் 5 அன்று, போலந்து சுற்றுப் பந்தயத்தின் முதல் நாள், கட்டோவிட்ஸே நகரில் எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் டிலன் குரூனவேகன் பாதை மாறி இவரை ஓரத்துக்குத் தள்ளிவிட, தடுப்புகளை உடைத்துக்கொண்டு விழுந்தார். மருந்து கொடுத்து கோமாவில் வைத்திருந்தார்கள். முகத்தையே திரும்பக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அந்த யாகோப்சன் 2022-ல் தன் முதல் டூருக்கு வந்து, இரண்டாம் நாளே டென்மார்க்கின் நூபோர் ஊரில் ஜெயித்தார். மறுநாள் ஜெயித்தவர் யார் தெரியுமா? குரூனவேகன். இதை ஒருவர் கதையாக எழுதியிருந்தால், ரொம்ப செயற்கையாக இருக்கிறது என்று தள்ளிவைத்திருப்போம்.

சரி, ஸ்பிரின்டரைப் பின்தொடர்வதில் என்ன சுவாரசியம்? மலை வந்ததும் அவருக்கு வேறொரு பந்தயம் தொடங்குகிறது. தினமும் ஒரு கெடு நேரம் உண்டு. அன்று ஜெயித்தவர் எடுத்த நேரத்துக்கு மேல் இத்தனை சதவீதத்துக்குள் வந்து சேர வேண்டும். தாண்டினால் மறுநாள் காலையில் நீங்கள் பந்தயத்தில் இல்லை. கனமான உடம்போடு மலையேற முடியாத ஸ்பிரின்டர்களும், தலைவனுக்கு உழைத்துக் களைத்தவர்களும் பின்னால் ஒன்றாகச் சேர்ந்து, வாட்சைப் பார்த்துக்கொண்டே, கெடுவுக்குள் போய்ச் சேரும் வேகத்தில் ஏறுவார்கள். இந்தக் கும்பலை இத்தாலியர்கள் குருப்பெத்தோ என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ஓட்டோபுஸ். நம்ம பஸ்தான். அணி பேதமில்லாமல் ஏறிக்கொள்ளலாம். தவறவிட்டால் தனியாக நடுக்காட்டில்.

பயணத்துக்கு வருகிறேன். வழித்தடத்தை முந்தைய அக்டோபரிலேயே பாரிஸில் அறிவித்துவிடுவார்கள். அறிவித்த வாரமே வரைபடத்தை விரித்து உட்கார வேண்டும். ஜூன் மாதம் யோசித்தால் மலையடிவாரத்தில் ஒரு கட்டில்கூட மிஞ்சாது. வரைபடத்தில் தேட வேண்டியது ஏற்றம். அதிலும் ஒரே மலையை இரண்டு நாள் தொடும் இடம் இருந்தால் அதிர்ஷ்டம். 2022-ல் ஜூலை 13, 14 இரண்டு நாளும் 2,642 மீட்டர் உயரமான கலிபியே கணவாயைக் கடந்தார்கள். அங்கே கூடாரம் போட்டவர்கள் இடத்தைவிட்டு நகராமல் இரண்டு நாள் பார்த்தார்கள். எனக்கு அந்த யோசனை வந்தபோது காலம் கடந்திருந்தது. மேலும் எனக்கு ஆல்ப் துவேஸ் மேல் ஒரு கிறுக்கு.

என் மனைவியின் தம்பி அப்போது கிரெனோபிளில் படித்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து ஆல்ப் துவேஸின் அடிவாரமான பூர் துவாசான் சுமார் 50 கிலோமீட்டர். ஓட்டம் 14-ஆம் தேதி, பிரான்ஸின் தேசிய விடுமுறை. அன்று சாலைகளை அடைத்துவிடுவார்கள், காலையில் போய்க்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. அதனால் 13-ஆம் தேதி மதியமே இருவரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். இறங்கியதும் முதல் அடி. நான் பிப்ரவரியிலேயே பதிவுசெய்திருந்த விடுதியில், என் பெயரே ஏட்டில் இல்லை என்றார்கள். மின்னஞ்சலைக் காட்டினேன். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு, மிக மரியாதையாக, அறை இல்லை என்று திரும்பச் சொன்னார். நல்லவேளை, மச்சினன் எதற்கும் இருக்கட்டும் என்று நண்பனின் இருவர் கூடாரத்தைத் தூக்கி வந்திருந்தான். முகாம் திடலில் ஒரு ஓரத்தைக் கெஞ்சி வாங்கினோம். ஒரு வாரம் முன்னால் போன் செய்து உறுதிசெய்திருக்க வேண்டும், செய்யவில்லை. ஜூலை வெயிலில் வியர்த்தாலும் மலையில் இரவு குளிரும் என்பதும் அன்று ராத்திரி தெரிந்தது.

ஆனால் அந்த மதியத்தை மறக்க மாட்டேன். ஊர் நடுவில் ஒரு சின்ன பார், ஒரே டிவி, நிற்க இடமில்லை. அன்றைய ஓட்டம் பக்கத்துப் பள்ளத்தாக்கில், கிரானோன் கணவாயில் முடிந்தது. அதுவரை இரண்டு வருடமாக டூரை ஜெயித்து, மூன்றாவதும் தனக்குத்தான் என்பதுபோல மஞ்சள் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தவர் ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சார். கலிபியேயில் யும்போ அணியின் ரோக்லிச்சும் விங்ககோரும் மாறி மாறி அவரைச் சீண்டினார்கள். ஒருவர் பாய்வார், பொகாச்சார் துரத்திப் பிடிப்பார். பிடித்த நொடியில் மற்றவர் பாய்வார். எல்லாவற்றுக்கும் பொகாச்சார் ஈடுகொடுத்தார், கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். பாரில் எல்லோரும் முடிந்தது கதை என்றார்கள். கிரானோன் ஏற்றம் 11.3 கிலோமீட்டர், சராசரி 9.2 சதவீதச் சரிவு. அதில் ஐந்து கிலோமீட்டர் போல மிச்சம் இருக்கும்போது யோனாஸ் விங்ககோர் எழுந்து மிதித்தார். இந்தத் தடவை பொகாச்சார் அசையவில்லை. சட்டை ஜிப்பைத் திறந்துவிட்டு, தலையை ஆட்டி ஆட்டி, ஒவ்வொருவராகத் தன்னைக் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே ஏறினார். அன்று இழந்தது 2 நிமிடம் 51 விநாடி. இதைச் சாலையோரத்தில் நின்றிருந்தால் பார்த்திருக்கவே முடியாது. மூன்று வாரப் பந்தயத்தில் எதை டிவியில் பார்ப்பது, எதற்கு நேரில் போவது என்பது தனிக் கணக்கு. யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் டிவிதான். எப்படி ஏறுகிறார்கள் என்று பார்க்க மலைக்குப் போக வேண்டும்.

14-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். ஆல்ப் துவேஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் எழுபதைப் பார்த்தவனுக்கு இருபத்தொன்று என்ன பெரிது என்று நினைத்தேன். கொல்லிமலைக்கு நான் போனது பஸ்ஸில். கால்நடையாகப் போகும்போது கணக்கு வேறு. வளைவு எண்கள் கீழே 21-ல் தொடங்கி மேலே போகப் போகக் குறையும். ஒவ்வொன்றிலும் அங்கே ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகை. முதல் பெயர் 1952-ல் ஜெயித்த ஃபௌஸ்தோ கோப்பி.

எங்கே நிற்பது? ஏழாவது வளைவு டச்சுக்காரர்களின் ராஜ்ஜியம். 1976-க்கும் 1989-க்கும் இடையில் நெதர்லாந்து வீரர்கள் இங்கே எட்டு முறை ஜெயித்ததிலிருந்து தொடர்கிற வழக்கம். முழுக்க ஆரஞ்சு நிறம், ஒலிபெருக்கி, பீர். ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம். பந்தயம் பார்க்க அது இடமில்லை, தலைகள்தான் தெரியும். நாங்கள் அதற்குக் கீழே, பத்தாவது வளைவு தாண்டிச் சற்று மேலே உட்கார்ந்தோம். அங்கிருந்து கீழே வளைந்து வரும் சாலை தெரியும். வருகிறவர்களை இரண்டு நிமிடம் முன்னாலேயே கண்டு, முகம் பார்க்கத் தயாராகலாம். வளைவின் வெளிப்புறத்தில் மட்டும் நிற்காதீர்கள், வண்டிகள் அகலமாக அங்கேதான் திரும்பும். முதுகுக்குப் பின்னால் ஒரு அடியாவது விலக இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சுமந்தோம், மாலை நாலு மணிக்குத் தீர்ந்துவிட்டது. தொப்பி, மழைச் சட்டை, குப்பைப் பை. சாப்பாட்டுக்குப் புளியோதரை. வெயிலில் கெடாத பண்டத்தை நம் பாட்டிமார்கள் என்றோ கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்தில் கேம்பர் வண்டியோடு நான்கு நாளாகக் குடியிருந்த ஒரு வயதான தம்பதிக்குக் கொடுத்தோம். அந்த அம்மா புளியைச் சப்புக்கொட்டிவிட்டு ஒரு பெரிய பாலாடைக்கட்டித் துண்டையும் தங்கள் வண்டியின் கழிப்பறையைப் பயன்படுத்தும் உரிமையையும் தந்தார். இரண்டாவது பரிசின் மதிப்பு போனவர்களுக்குத் தெரியும். அத்தனை ஆயிரம் பேருக்கு மலையில் கழிப்பறை மிகக் குறைவு. பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துப்போகிறவர்கள் இதை முதலில் யோசித்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊருக்குப் பக்கமாக இருப்பது நல்லது.

வீரர்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும். 1930-ல் வணிக நிறுவன அணிகளை ஒதுக்கிவிட்டுத் தேசிய அணிகளைக் கொண்டுவந்தபோது, செலவுக்குப் பணம் திரட்ட ஆரம்பித்த ஏற்பாடு. தொப்பி, சாவிக்கொத்து, மிட்டாய், சிவப்புப் புள்ளி போட்ட சட்டை என்று வீசிக்கொண்டே போவார்கள். மச்சினன் ஆறு பொட்டலம் பன்றிக்கறி சாசேஜ் பிடித்தான். எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். எதிர்ப்பக்கத்துப் பையன்களிடம் மிட்டாய்க்கு மாற்றிக்கொண்டான். காலடியில் விழுவதை மட்டும் எடுங்கள். நடுச்சாலையில் உருள்வதை எடுக்கப் பாய்ந்தால் அடுத்த வண்டி அங்கே இருக்கும்.

மதியத்துக்குள் போன் செத்துவிட்டது. சார்ஜ் இருந்தது, அத்தனை பேர் ஒரே மலையில் இருந்தால் இணையம் எங்கிருந்து வரும்? கலிபியேயில் என்ன நடக்கிறது, யார் முன்னால் என்று ஒன்றும் தெரியாமல் திணறினோம். கேம்பர் தாத்தா ஒரு பழைய டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அன்றிலிருந்து என் பையில் ஒரு குட்டி ரேடியோ எப்போதும் உண்டு. இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். நாளிதழில் வந்த வீரர் பட்டியலைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். முந்தைய ஆண்டு ஜெயித்தவர் எண் 1, அவர் அணிக்கு 1 முதல் 8. அடுத்த அணிக்கு 11 முதல் 18. இப்படியே போவதால் முதுகில் இருக்கும் எண்ணை வைத்து அணியைச் சொல்லிவிடலாம். 13 கிடைத்தவர் அதைத் தலைகீழாகக் குத்திக்கொள்வார். சகுனம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஹெலிகாப்டர் கேட்டதும் மலையே எழுந்து நின்றது. முதலில் வந்தவர் டாம் பிட்காக், இங்கிலாந்துக்காரர், வயது 22. கலிபியே இறக்கத்தில் கல் உருள்வதுபோல இறங்கி முன்னால் போனவர்களைப் பிடித்தார் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே ஏற்றத்திலும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சற்றுப் பின்னால் தென்னாப்பிரிக்காவின் லூயி மெயின்ட்யெஸ். அப்புறம் கிறிஸ் ஃபுரூம். நான்கு முறை டூரை ஜெயித்து, 2019-ல் விழுந்து உடம்பெல்லாம் நொறுங்கி, இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் கைகழுவிய மனிதர். அவர் பெயரைச் சொல்லிக் கத்திய கூட்டத்தில் சில வருடம் முன்பு அவரைத் திட்டியவர்களும் இருந்திருப்பார்கள். நானும் கத்தினேன். அவர் அன்று மூன்றாவதாக முடித்தார்.

மஞ்சள் சட்டைக் குழு வந்தபோதுதான் எங்கள் மானம் போனது. மச்சினன் படமெடுக்கிற ஆர்வத்தில் கையை நீட்டிச் சாலைக்குள் ஒரு அடி வைத்துவிட்டான். தாத்தா பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பையன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். விங்ககோர், பொகாச்சார் இருவரும் அவன் நின்ற இடத்தில் கையெட்டும் தூரத்தில் போனார்கள். பிறகு தாத்தா திட்டினார், நியாயமாகத்தான். 2021-ல் முதல் நாளே தாத்தா பாட்டிக்கு வணக்கம் எழுதிய அட்டையை டிவிக்குக் காட்ட ஒரு பெண் சாலைக்குள் நீட்டி, பெரும் கூட்டமே சரிந்து விழுந்தது. நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் போட்டது. இதே ஆல்ப் துவேஸில் 2018-ல் வின்சென்சோ நிபாலி கூட்ட நெரிசலில் விழுந்து முதுகெலும்பில் முறிவோடு வீட்டுக்குப் போனார். போனை இடுப்புப் பையில் வைத்துவிடுங்கள். டிவிக்காரர்கள் நம்மைவிட நன்றாக எடுப்பார்கள்.

மஞ்சள் சட்டை கடந்ததும் கூட்டம் கலைய ஆரம்பித்தது. நாற்காலியை மடித்துக்கொண்டு, சாலையை அடைத்தபடி, கீழே இறங்கினார்கள். போலீஸ் விசில் அடித்து அலுத்துப்போனார்கள். "போவோமா அத்தான்?" என்றான் மச்சினன், இன்னும் புல்லைத் தட்டிக்கொண்டே. தாத்தா தன் அட்டையைக் காட்டினார். டிக் அடிக்காத எண்கள் பாதிக்கு மேல் இருந்தன. "பஸ் இன்னும் வரலே மாப்ள, இரு" என்றேன்.

ஒருவர், இருவராக வந்துகொண்டே இருந்தார்கள். பிட்காக் போய் அரைமணிக்கும் மேல் ஆன பிறகுதான் பஸ் வந்தது. நாற்பது ஐம்பது பேர், சாலையை நிறைத்துக்கொண்டு. முன்னால் போனவர்களின் முகத்தில் வெறி இருந்தது. இவர்களிடம் அது இல்லை. முகத்தில் உப்புப் பூத்திருந்தது. ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஒருவர் கைப்பிடியை வெறித்துக்கொண்டே போனார். இன்னொருவர் எங்கள் பக்கம் திரும்பி, தண்ணீரைத் தலையில் ஊற்றச் சொல்லிச் சைகை காட்டினார், மச்சினன் கடைசிப் பாட்டிலை ஊற்றினான். கேட்டால் ஊற்றலாம். கேட்காதவர் மேல் ஊற்றாதீர்கள், முதுகைப் பிடித்துத் தள்ளியும் விடாதீர்கள். நம் பாசத்துக்கு அபராதம் கட்டுகிறவர் அவர்.

நடுவில் நீல உடுப்பில் யாகோப்சன். மெதுவாக, மிக மெதுவாக. லியோனில் மொத்தப் பந்தயமும் கடந்த நேரத்தைவிட அவர் ஒருவர் என்னைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் அதிகம் என்று தோன்றியது. தாடையில் இருந்த தழும்புவரை பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கத்த நினைத்து, சத்தம் வராமல் கைதட்டினேன்.

பஸ்ஸுக்குப் பின்னால் பந்தயத்தைவிட்டு விலகுகிறவர்களை ஏற்றிக்கொள்ளும் துடைப்ப வண்டி. ஒரு காலத்தில் அதில் நிஜத் துடைப்பமே கட்டியிருப்பார்கள். அதற்கும் பின்னால், பந்தயம் முடிந்தது என்ற பலகையோடு ஒரு வண்டி. அது போன பிறகுதான் சாலை நம்முடையது. இறங்கி முகாமுக்கு வரும்போது இரவு ஒன்பது. ஏறும்போது நுரையீரல் பேசும், இறங்கும்போது முழங்கால் பேசும்.

மறுநாள் ஓட்டம் பூர் துவாசானிலேயே தொடங்கியது. இது தற்செயலாக அமைந்த யோகம். ஒரு மலை முடிவையும் அடுத்த நாள் தொடக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி திட்டமிட முடிந்தால் விடாதீர்கள். தொடக்க இடத்தில் இரண்டு மணி நேரம் முன்னால் போனால் அணிப் பேருந்துகள், சங்கிலிக்கு எண்ணெய் விடும் மெக்கானிக்குகள், கையெழுத்துப் போட மேடைக்கு உருண்டுவரும் வீரர்கள் எல்லாரையும் நிதானமாகப் பார்க்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மலையைவிட இதுதான் சரி என்பேன். வெயிலில் ஏழு மணி நேரம் காயவேண்டாம், கழிப்பறையும் ஊரில் இருக்கும்.

மலைக்கெல்லாம் போக முடியாது, பாரிஸில்தான் இருக்கிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1975 முதல் அநேகமாக எல்லா ஆண்டும் ஷான்செலிசேயில்தான் முடிகிறது. அங்கே சுற்றிச் சுற்றி வருவதால் பலமுறை பார்க்கலாம், ஆனால் வேகம் லியோன் வேகம்தான். 2025-ல் கடைசி நாளில் மோன்மார்த்ர் குன்றையும் மூன்று முறை ஏறவைத்தார்கள். லா ஷப்பேலில் நம் தமிழ்க் கடைகளிலிருந்து நடந்தே போய்விடலாம். மச்சினன் இப்போது பாரிஸில் இருக்கிறான், அன்று மழையில் நனைந்துகொண்டே ரியூ லெப்பிக் ஏற்றத்தில் நின்று பெல்ஜியம் வீரர் வூட் வான் ஆர்ட் தனியாகப் பிரிந்து போனதைப் பார்த்துவிட்டு, நேரே தோசை சாப்பிடப் போனதாகச் சொன்னான். எனக்குப் பொறாமை.

2022-க்குத் திரும்புகிறேன். லியோனுக்கு வந்த பிறகும் என் ஆளை விடவில்லை. பதினைந்தாம் நாள், கார்க்கசோனை நோக்கி, 40 டிகிரிக்குப் பக்கமான வெயில். யாகோப்சனுக்கு ஸ்பிரின்டில் வழிபோட்டுக் கொடுக்கும் மிக்கேல் மோர்கோவ் உடம்புக்கு முடியாமல் ஆரம்பத்திலேயே பின்தங்கினார். அன்று அவருக்குப் பஸ் இல்லை. நாள் பூராவும் தன்னந்தனியாக ஓட்டி, கெடு முடிந்து வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தார். வெளியேற்றிவிட்டார்கள். துடைப்ப வண்டியில் ஏறியிருக்கலாம், ஏறவில்லை.

அடுத்த மலைகளில் யாகோப்சன் எப்படித் தப்பிப்பார் என்று பிரெத்தோன் நண்பருக்கும் எனக்கும் கவலை. 17-ஆம் நாள், ஜூலை 20, புதன்கிழமை. 129.7 கிலோமீட்டர்தான், ஆனால் பிரனீஸ் மலைகளில் வரிசையாக ஏற்றம். தூரம் குறைந்தால் ஜெயிப்பவரின் நேரமும் குறையும், கெடுவும் இறுகும். முடிவு பெரகூட் என்ற பனிச்சறுக்கு ஊரின் சின்ன விமான ஓடுபாதையில், சுவர் மாதிரி சரிவு. பொகாச்சார் விங்ககோரை முந்தி ஜெயித்ததும் அலுவலகத்தில் எல்லோரும் தங்கள் மேசைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் மட்டும் ஒரு லேப்டாப் முன்னால், அதன் மூலையில் ஓடும் கடிகாரத்தோடு.

பஸ் வந்துவிட்டது. அதில் அவர் இல்லை. கெடுவுக்குச் சில நிமிடம், அப்புறம் ஒரு நிமிடம். கோட்டருகே அவர் அணி ஆட்கள் சாலையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓடுபாதையின் அடியில் ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. உட்கார்ந்து மிதிக்க முடியாமல், எழுந்தும் நிற்க முடியாமல், சைக்கிளை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி ஏறியது. பிரெத்தோன் நண்பர் மேசையைத் தட்டிக்கொண்டே பிரெஞ்சில் கெட்டவார்த்தை சொல்ல ஆரம்பித்தார். யாகோப்சன் கோட்டைக் கடந்தபோது கெடு முடியச் சில விநாடிகள் மிச்சம் இருந்தன. தாங்கிப் பிடித்தவர்களின் தோளில் அப்படியே சாய்ந்தார்.

போன் அடித்தது. மச்சினன், வகுப்பிலிருந்து, தணிந்த குரலில்.

"அத்தான், அவருக்குப் பஸ் கெடச்சுதா?"

"பஸ் போயிட்டு மாப்ள. ஆனா ஆள் வந்து சேந்துட்டாரு."